டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன பதக்கம்: கேட்டு வாங்கும் வழி

1971 போரில் எல்லையில் நின்றவரின் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் பார்த்தால், பதக்கங்களுக்கான பக்கத்தில் ஒன்றோ இரண்டோ வரிதான் இருக்கும். சிலருடையதில் அதுவும் இருக்காது. பதக்கம் அறிவிக்கப்பட வேண்டும். பட்டாலியன் தகுதியானவர்களின் பட்டியலை எடுக்க வேண்டும். ரெக்கார்ட் ஆபீஸ் அதைச் சரிபார்க்க வேண்டும். பதக்கம் அச்சாகி வர வேண்டும். இத்தனையும் நடந்து முடிவதற்குள் பலர் சீருடையைக் கழற்றிவிட்டு ஊருக்கு வந்து ஏர் பிடித்துவிட்டார்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதற்காக அவர்களுக்கு உரியது இல்லாமல் போய்விடாது. எத்தனை வருடம் கழித்தும் கேட்கலாம். ஆனால் கேட்கும் வரிசை முக்கியம். முதலில் பதிவு, பிறகுதான் பதக்கம். பதிவில் இல்லாத பதக்கத்தை எந்த அலுவலகமும் தராது.

ஆகவே கடிதம் எழுதும் முன் உங்கள் குறை எந்த வகை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் வகையில், பதிவில் பதக்கம் இருக்கிறது, கைக்கு மட்டும் வரவில்லை. இது சுலபம். இரண்டாவது வகையில், தகுதி இருக்கிறது, ஆனால் பதிவிலேயே ஏறவில்லை. வேலை பெரும்பாலும் இங்கேதான். மூன்றாவது, வீரச்செயலுக்கான விருது. போர்க்களத்தில் செய்ததை மேலதிகாரி எழுதி அனுப்பவில்லை, அல்லது எழுதியது மேலே போய்ச் சேரவில்லை என்ற குறை. மற்ற இரண்டும் தகுதியைப் பொறுத்தவை; வீர விருதோ மேலதிகாரியின் பரிந்துரையில் தொடங்குவது. தனக்கு விருது தர வேண்டும் என்று வீரரே உரிமையாகக் கேட்க முடியாது. பரிந்துரை போனதற்குத் தாள் ஏதும் இல்லாமல் இந்த மூன்றாம் வகையில் இறங்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. அதை முதல் இரண்டு வகைகளோடு ஒரே கடிதத்தில் கலக்கவும் வேண்டாம். கலந்தால், கிடைக்க வேண்டிய எளிய பதக்கமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, என்னென்ன வர வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, இடையில் இருந்த இடங்கள், இந்த மூன்றும் போதும். 1968இல் சேர்ந்து 1985இல் வந்த ஒரு ஜவானை எடுத்துக்கொள்வோம். 1971 போர்க்காலப் பணிக்குச் சங்க்ராம் மெடல். அப்போது கிழக்கு முனையில் இருந்தால் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தால் பஸ்சிமி ஸ்டார். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்ததால் சுதந்திர தின 25ஆம் ஆண்டு மெடல். 17 வருடம் இருந்ததால் 9 ஆண்டு நீண்ட பணி மெடல் உண்டு, 20 ஆண்டு மெடல் கிடையாது. 1965 போர் என்றால் போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு சமர் சேவா ஸ்டார், அப்போது பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவாக ரக்ஷா மெடல். கார்கிலுக்கும் அப்படியே ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல் என்று இரண்டு. சியாச்சின், உயர்மலைப் பகுதி, வெளிநாட்டுப் பணி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதக்கங்கள் உண்டு. இந்தக் கணக்கை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பதை வலப்பக்கம் எழுதுங்கள். இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் இல்லாதவைதான் நீங்கள் கேட்க வேண்டியவை.

காயத்துக்கான பதக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவருக்கு உரியது பராக்ரம் பதக். மற்ற பொதுப் பதக்கங்கள் மரியாதையோடு நின்றுவிடும். பராக்ரம் பதக்கின் பின்னால் பணமும் இருக்கலாம். காயம்பட்ட அன்று யூனிட் அதை ‘பேட்டில் கேஷுவல்டி’ என்று பதிந்ததா, ‘பிசிக்கல் கேஷுவல்டி’ என்று பதிந்ததா என்பதுதான் எல்லாவற்றுக்கும் வேர். குண்டுச் சிதறல் தைத்த காலை வழுக்கி விழுந்த காலைப் போல எழுதிவிட்டால் பதக்கமும் போகும், போர்க்காய பென்ஷனும் போகும். போர்க்காயத்துக்கான தொகை சாதாரண ஊனத் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்கான விதிகள் பாதுகாப்பு அமைச்சகத்தின் 31 ஜனவரி 2001 தேதியிட்ட கடிதத்தில் இருக்கின்றன. எனவே உடம்பில் தழும்பு இருந்தும் பராக்ரம் பதக் இல்லாதவர்கள் மெடிக்கல் போர்டு தாள்களையும் காயத்தை அறிவித்த யூனிட் உத்தரவான பார்ட் டூ ஆர்டரையும் முதல் வேலையாகத் தேடுங்கள். மெடிக்கல் போர்டு தாளின் நகல் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். பென்ஷன் அனுமதித்திருந்தால் பிரயாக்ராஜில் உள்ள ராணுவ பென்ஷன் கணக்கு அலுவலகத்திலும் இருக்க வாய்ப்புண்டு.

எந்த ரெக்கார்ட் ஆபீஸ்? அது நீங்கள் பணியாற்றிய படைப்பிரிவைப் பொறுத்தது, சொந்த ஊரைப் பொறுத்ததல்ல. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் என்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ. எனும் மின்-இயந்திரப் பொறியியல் பிரிவுக்கு செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, டி.எஸ்.சி. எனும் பாதுகாப்புக் காவல் படைக்கு கண்ணூர். கடற்படை மாலுமிகளின் பதிவுகள் மும்பை மான்கூர்டில். விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க். ஒரு படைப்பிரிவில் பென்ஷன் வாங்கி, பிறகு டி.எஸ்.சி.யில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பதிவுகள் இருக்கும். எந்தக் காலத்துப் பதக்கமோ அந்த இடத்துக்கு எழுத வேண்டும்.

ஆதாரம் சேர்ப்பதில் அவசரம் வேண்டாம். தேடும்போது தமிழ்ப் பெயர்களால் வரும் சிக்கல் ஒன்றை மனதில் வையுங்கள். நம்முடைய இன்ஷியல் வடக்கே யாருக்கும் புரிவதில்லை. ‘முத்துசாமி, த/பெ கருப்பையா’ ஒரு தாளில் ‘முத்து சாமி’ என்றும், இன்னொன்றில் ‘கே. முத்துசுவாமி’ என்றும், வேறொன்றில் அப்பா பெயரே முதல் பெயராகவும் ஏறியிருக்கும். பதக்கப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தும் அது நீங்கள்தான் என்று யாரும் பொருத்திப் பார்க்காமல் விட்டிருக்கலாம். ஆகவே எந்தக் கடிதத்திலும் ஆர்மி நம்பரை முதலில் எழுதுங்கள், பெயர் அதற்குப் பிறகு வரட்டும். எழுத்து எப்படி மாறினாலும் நம்பர் மாறாது. டிஸ்சார்ஜ் புக், ஆதார், பென்ஷன் தாள் மூன்றிலும் பெயர் வேறுபட்டால், மூன்றும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அபிடவிட் எடுத்து இணைத்துவிடுங்கள்.

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய தாள்களைக் குப்பை என்று நினைக்காதீர்கள். லீவ் சர்டிபிகேட், ரயில் வாரண்ட், மூவ்மென்ட் ஆர்டர், பே புக் எல்லாம் தேதியோடு இடத்தைச் சொல்பவை. மனைவிக்கு எழுதிய கடிதத்தின் உறைகூடப் பேசும். அதிலுள்ள ராணுவ அஞ்சல் முகவரி 99 ஏ.பி.ஓ. என்றால் கிழக்கு, 56 ஏ.பி.ஓ. என்றால் மேற்கும் வடக்கும். உறை மட்டுமே பதக்கம் வாங்கித் தராது. ஆனால் நீங்கள் சொல்லும் காலமும் இடமும் பொய்யில்லை என்பதற்கு அது துணை நிற்கும்.

இதைவிட வலுவானவை உங்களோடு நின்றவர்களின் வாக்குமூலங்கள். பட்டாலியனின் ரெய்சிங் டே கூட்டத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். வாக்குமூலம் எழுதுபவர் தன் நம்பர், ரேங்க், கம்பெனி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உங்களோடு எங்கே இருந்தார் என்பதை மட்டும் எழுதட்டும். ‘மிகவும் தைரியசாலி’ என்ற பாராட்டை ரெக்கார்ட் ஆபீஸில் யாரும் படிக்கப்போவதில்லை. அன்றைய கம்பெனி கமாண்டர் உயிரோடு இருந்தால் அவருடைய இரண்டு வரி மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. 1971இல் இருபது வயதில் நின்றவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

இப்போது கடிதம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுவது நல்லது. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுதித் தருவார்கள், அனுப்பியும் வைப்பார்கள். அதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. கடிதத்தின் சாரம் இப்படி இருக்கட்டும்:

“நம்பர் ____, ரேங்க் ____, பெயர் ____. ____ தேதியில் சேர்ந்து ____ தேதியில் விடுவிக்கப்பட்டேன். ____ முதல் ____ வரை ____ பட்டாலியனோடு ____ பகுதியில் பணியில் இருந்தேன். கீழ்க்கண்ட பதக்கங்கள் என் டிஸ்சார்ஜ் புக்கில் பதியப்படவில்லை. என் ஷீட் ரோலையும் (பணிப் பதிவு) பார்ட் டூ ஆர்டர்களையும் சரிபார்த்து, தகுதி இருப்பின் பதிவு செய்து, பதக்கங்களை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். தகுதி இல்லையெனில் எந்த விதியின்படி இல்லை என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காரணம் சொல்லாத மறுப்பை எதிர்த்து மேலே போவது கடினம். டிஸ்சார்ஜ் புக்கின் மூலத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள், நகல் மட்டும் போதும். ஸ்பீட் போஸ்ட் செய்து ரசீதைக் கடித நகலோடு குத்தி வையுங்கள். வீரர் இறந்திருந்தால் மனைவி எழுதலாம். அவர் பெயர் பதிவில் சரியாக இருக்கிறதா என்பதை அப்போதே கேட்டுக்கொள்வது குடும்ப பென்ஷனுக்கும் நல்லது.

பதில் வரவில்லையா? 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், இணையத்திலும் போடலாம். இந்த மனுவில் கோரிக்கை வைக்கக் கூடாது, தாளைக் கேட்க வேண்டும். ஷீட் ரோலின் நகல், குறிப்பிட்ட காலத்தின் பார்ட் டூ ஆர்டர் நகல்கள், அந்தப் பதக்கத்துக்கு உங்கள் யூனிட் அனுப்பிய பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பக்கம், உங்கள் முந்தைய கடிதத்தின் மேல் எடுத்த நடவடிக்கை. தவறான அலுவலகத்துக்குப் போனாலும் அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம்.

‘பதிவேடு அழிக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வருவதுண்டு. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் தாள்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்க விதி இருக்கிறது. 1965இலும் 1971இலும் போரிட்டு ஏழெட்டு வருடத்தில் வீட்டுக்கு வந்தவர்களை இது கடுமையாகத் தாக்குகிறது, அது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அங்கே நின்றுவிடாதீர்கள். அழித்த உத்தரவின் நகலையும் தேதியையும் கேளுங்கள். ‘லாங் ரோல்’ என்ற நிரந்தரப் பதிவேட்டில் உங்களைப் பற்றி உள்ள பதிவைக் கேளுங்கள். பட்டாலியன் அந்தப் போரில் எங்கே இருந்தது என்பதற்குப் பட்டாலியனின் வரலாற்றுப் பதிவேடும் போர் நாட்குறிப்பும் உண்டு. போர் நாட்குறிப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு மாற்றி, சாதாரணமாக 25 ஆண்டுகளில் ரகசிய நீக்கம் செய்ய வேண்டும் என்று 2021இல் அமைச்சகம் கொள்கை வகுத்திருக்கிறது. யூனிட் இருந்த இடத்துக்கு ஒரு தாள், நீங்கள் அந்த யூனிட்டில் இருந்ததற்கு ஒரு தாள். இரண்டையும் சேர்த்துவிட்டால் தகுதியை மறுப்பது அவர்களுக்குக் கடினமாகிவிடும்.

இதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் குறைதீர் இணையதளம் இருக்கிறது. டெல்லியில் முன்னாள் படைவீரர் நலத்துறை இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. ஆட்சியரால் பதக்கம் தர முடியாது; ஆனால் அவர் கையெழுத்திட்ட கடிதத்துக்கு ரெக்கார்ட் ஆபீஸ் சீக்கிரம் பதில் எழுதும்.

கடைசி வழி ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது, அதன் ஒரு அமர்வு சென்னையில் இருக்கிறது. ஓய்வுபெற்றவர் தான் குடியிருக்கும் பகுதிக்குரிய அமர்விலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வைக்கலாம், தானே நின்று வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. இங்கே தேதிதான் உயிர். மறுப்புக் கடிதம் வந்தால் 6 மாதத்துக்குள் போக வேண்டும். மனுவுக்குப் பதிலே வராவிட்டால், மனு கொடுத்து 6 மாதம் கழிந்ததிலிருந்து இன்னொரு 6 மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் பல ஆண்டு பழைய கோரிக்கைக்கு இப்போது ஒரு பதில் வாங்கியதாலேயே காலவரம்பு புதிதாகத் தொடங்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லியிருக்கிறது. ஆகவே உடல்நிலை, பதிவேடு கிடைக்காத காலம், முந்தைய கடிதங்களின் ரசீதுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாகக் காட்டுங்கள். வெறும் பதக்கத்துக்காக வழக்கு வேண்டுமா என்று வீட்டில் கேட்பார்கள். பராக்ரம் பதக் போலப் பென்ஷனையும் தொடும் பதிவு என்றால் தயங்காமல் போகச் சொல்வேன். மற்றவற்றுக்கு, முந்தைய படிகளைப் பொறுமையாக முடித்த பிறகு யோசிக்கலாம்.

இதற்கிடையில் யாராவது கன்டோன்மென்ட் கடையில் விற்கும் மாதிரிப் பதக்கத்தை வாங்கித் தர முன்வருவார்கள். விழாவுக்கு அணிய அது உதவும். பதிவில் ஏறாத பதக்கத்தை மட்டும் அப்படி வாங்கி அணியாதீர்கள்.

அசல் பதக்கம் வந்ததும் அதன் விளிம்பைப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். பிழை இருந்தால் அப்போதே திருப்பி எழுதுங்கள். பிறகு டிஸ்சார்ஜ் புக்கில் அந்தப் பதக்கத்தை ஏற்றி, ரெக்கார்ட் ஆபீஸின் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உள்ள உங்கள் கோப்பிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.