மஞ்சள் முனையும் தங்க முலாமும்

பழைய டி.வி.டி. பிளேயரைப் பரணிலிருந்து இறக்கி, மஞ்சள் முனைக் கேபிளால் இன்றைய பெரிய டி.வி.யோடு இணைத்து, வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டவுடன், மணமக்களின் பெயர்களைத் தாங்கி வரும் சிவப்பு எழுத்துகளின் ஓரத்தில் எறும்புச் சாரைபோல் புள்ளிகள் ஊர்வதைக் கண்டு, "கேபிள் மட்டம், தங்க முலாம் பூசியதாக வாங்கினால் சரியாகிவிடும்" என்று தீர்ப்புச் சொல்லாத வீடு அபூர்வம். அந்தத் தீர்ப்பை நம்பி ஒருமுறை நானும் பணத்தை இறைத்திருக்கிறேன். எறும்புகள் இம்மியும் அசையாமல், அதாவது முன்போலவே அசைந்துகொண்டு, இருந்தன.

முலாம், முனை களிம்பேறாமல் காக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது அக்கிரமம். படத்தின் வெளிச்சத்தையும் வர்ணத்தையும் ஒரே கம்பியில் சேர்த்து அனுப்புவதே மஞ்சள் முனையின் சுபாவம். 1982-இல் இந்தியாவில் வர்ணத் தொலைக்காட்சி தொடங்கியபோது நாம் கைக்கொண்ட பி.ஏ.எல். முறையில், வர்ணமானது சுமார் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையொன்றின்மேல் ஏறிக்கொண்டு, வெளிச்சத்தின் நுண்ணிய விவரங்கள் குடியிருக்கும் அதே வீட்டில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களும் அதே ஒளிபரப்பைக் காண வேண்டுமென்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் அது. டி.வி. இரண்டையும் பிரித்தெடுக்கையில் வர்ணத்தின் மிச்சம் வெளிச்சத்தில் ஒட்டிக்கொள்ள, அதுவே புள்ளியாக ஊர்கிறது. டிஸ்கில் தனித்தனியாகப் பதிந்திருப்பவற்றை, ஒரு கஜக் கம்பிக்காகக் கலந்து, அந்தக் கோடியில் மறுபடி பிரிக்கிறோம் என்பதுதான் இதில் வேடிக்கை.

பிளேயரின் முதுகில் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று துவாரங்கள் இருக்குமாயின், சாதாரணக் கேபிள்கள் மூன்றால் அவற்றை இணைத்து, பிளேயரின் மெனுவிலும் டி.வி.யிலும் அந்த வழியையே தேர்ந்தெடுத்தால், எறும்புகள் விடைபெறும். ஆனால், ஒலிக்குரிய சிவப்பையும் படத்துக்குரிய சிவப்பையும் மாற்றிச் செருகிவிடுவோர் அநேகர். பச்சை மட்டும் செருகப்பட்டு மற்றவை விடுபட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஒரே துவாரத்தை வைத்திருக்கும் டி.வி.களில் தவறான வழியைத் தேர்ந்தாலும் அப்படியே. "பிளேயர் போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் இதைப் பார்த்துவிடுவது உசிதம்.

எச்.டி.எம்.ஐ.யாக மாற்றித் தரும் சின்னப் பெட்டியை வாங்கினால் படம் புதுசாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. டிஸ்கில் உள்ளவை 576 வரிகளே. 1080 வரிகளாக நீட்டுவதால் அத்தையின் காசு மாலையில் காசுகளை எண்ணிவிட முடியாது.

ஒரே பிளேயரிலிருந்து இரட்டை முனை வைத்து இரண்டு டி.வி.க்குப் பிரித்துவிட்டு, "திரை பழசாகி மங்கிவிட்டது" என்போரும் உண்டு. இந்த இணைப்பு, கோடியில் 75 ஓம் தடை ஒன்றே இருக்கும் என்று கணக்கிட்டு அமைந்தது, இரண்டு டி.வி. சேர்ந்தால் தடை பாதியாகி, மின்னழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. திரை நிரபராதி.

எல்லாவற்றிலும் அதிகமாகப் பழி சுமப்பது வி.சி.ஆர். நாடாதான். படத்தின் குறுக்கே அகலமான மங்கல் பட்டையொன்று மெதுவாக ஏறியோ இறங்கியோ போனால், நாடா கெட்டுவிட்டதென்று நினைத்துவிடுகிறோம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. படமும் நொடிக்கு 50 அரைப்படம். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருப்பதால், கம்பியில் புகுந்த மின்சார இரைச்சல் ஓடாமல் நடக்கிறது. பெரும்பாலும் அது, டி.வி.யோடு சேர்ந்திருக்கும் கேபிள் டி.வி. ஒயர் வழியே வேறோர் எர்த் வந்து சேர்வதால் உண்டாவது. அந்த ஒயரை மட்டும் டி.வி.யின் முதுகிலிருந்து கழற்றிப் பாருங்கள். பட்டை மறைந்தால் குற்றவாளி அகப்பட்டான். எல்லாச் சாதனங்களையும் ஒரே பலகையில் செருகியும் போகாவிட்டால், அந்த ஒயரில் போடும் ஐசொலேட்டர் ஒன்று போதும். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடச் சொல்லும் வைத்தியர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறேன், பிளக்கை மட்டும் கொடுப்பதில்லை.