சித்தன்னவாசல் உள்ளறையும் சில நம்பிக்கைகளும்

கொரோனா ஓய்ந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் அப்போது சுற்றுலாத் தலங்களைப் பற்றிப் புதுக்கோட்டைப் பக்கம் உலவிய சில பேச்சுகள் இன்னும் ஓயவில்லை. அடுத்த தொற்று வரும்போது ஆட்சியரும் தொல்லியல் துறையும் கோயில் நிர்வாகமும் ஜல்லிக்கட்டு விழாக் குழுவும் இதே பேச்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: நம் மாவட்டத்தில் பார்க்க இருப்பதெல்லாம் மலையும் பொட்டலும்தானே? காற்றோட்டமான இடங்களை எதற்கு மூட வேண்டும்?

திருமயம் கோட்டைக்கு இது பொருந்தும். உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றால் வேட்டியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்று அப்படி அடிக்கும்.

சித்தன்னவாசல் அறிவர் கோயில் வேறு கதை. அந்தக் குடைவரையின் உள்ளறை சுமார் ஒன்பதரை அடிச் சதுரம், உயரம் ஏழரை அடிதான். வாசல் ஒன்று, சன்னல் கிடையாது. வருகிறவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்து ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்கிறார்கள். அறையே அதிரும். ஒருவர் செய்து பார்த்ததும் அடுத்தவருக்கு ஆசை வரும். பிள்ளைகள் ஓயவே மாட்டார்கள். காற்றில் பரவும் நோய்க்கு இதைவிடத் தோதான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மிகையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்கின் சேர்ந்திசைக் குழு ஒன்று 2020 மார்ச் 10 அன்று ஓர் அரங்கில் பாட்டுப் பயிற்சி நடத்தியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். அது நம் குடைவரையைவிடப் பல மடங்கு பெரிய இடம்.

மத்திய தொல்லியல் துறை தன் பொறுப்பிலுள்ள எல்லாச் சின்னங்களையும் 2020 மார்ச் 17 முதல் மூடியது. நாடு தழுவிய ஊரடங்குக்கு எட்டு நாள் முன்பே எடுத்த முடிவு அது, பாராட்டத்தான் வேண்டும். இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 16 முதல் ஜூன் 15 வரை, மறுபடியும் மூடினார்கள். என் குறை ஒன்றுதான். அதற்குள் நோயைப் பற்றி ஓராண்டு அனுபவம் சேர்ந்திருந்தது. அப்போதும் கோட்டைக்கும் குகைக்கும் ஒரே பூட்டுதானா? குகையை முதலில் மூடிக் கடைசியில் திறக்கலாம். கோட்டையைக் கடைசியில் மூடி முதலில் திறக்கலாம். இடம் அறிந்தவர்கள் கையில் அந்த முடிவு இருந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: வாசலில் மருந்து தெளித்து, நெற்றியில் சூடு பார்த்து அனுப்பினால் பயமில்லை.

திருப்பூர்ச் சந்தையில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். பார்த்த ஊரெல்லாம் அதைப் போலவே வைத்தது. அதே மாதத்தில் தமிழகப் பொது சுகாதாரத் துறையே ‘வேண்டாம்’ என்று நிறுத்தச் சொன்னது. ஆளின் மேல் தெளிக்கும் மருந்து மூச்சில் இருக்கும் கிருமியை ஒன்றும் செய்யாது; கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம். காய்ச்சல் இல்லாமலே நோயைப் பரப்புகிறவர்களை வெப்பமானியும் காட்டிக்கொடுக்காது. குடைவரைக்குள் பிளீச்சிங் கரைசலைத் தெளித்தாலோ சுண்ணச் சாந்தின் மேல் தீட்டிய ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியமே போய்விடும்.

இங்கே மக்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது. ‘உண்மை’ என்று முத்திரை குத்தி, கொரோனா காற்றில் பரவும் நோய் அல்ல என்று 2020 மார்ச் 28 அன்று அறிவித்தது உலக சுகாதார நிறுவனம். அது தவறு என்று தெளிவாக ஏற்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இந்த மாதிரிப் பத்தி எழுதுகிறவர்கள் அனைவரும் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய தேதி.

நம்பிக்கை: கூட்டம் என்றாலே தடைதான், இல்லாவிட்டால் முழு அனுமதி. நடுவில் வழி இல்லை.

உண்டு. தமிழகத்திலேயே வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம் இது. 2022 சனவரியில், ஒமைக்ரான் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், ஜல்லிக்கட்டை அரசு தடை செய்யவில்லை. மாடுபிடி வீரர்கள் 300 பேர், பார்வையாளர்கள் 150 பேர் அல்லது இருக்கைகளில் பாதி, இதில் எது குறைவோ அது, இரண்டு தவணைத் தடுப்பூசி, 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று என்று கட்டுப்பாடு போட்டது. விதி சரியான விதி. வேலிக்கு வெளியே மரத்திலும் மாடியிலும் தொற்றிக்கொண்டு பார்க்கிறவர்களை யார் எண்ணுவது என்பதுதான் சிக்கல். அது உள்ளூர் விழாக் குழுவின் பொறுப்பு, காவல் துறையின் பொறுப்பு மட்டும் அல்ல.

நம்பிக்கை: மூடினால் வயிற்றில் அடி, திறந்தால் பிழைப்பு ஓடும்.

முதல் பாதி உண்மை. தமிழ்நாட்டில் 2019-இல் உள்நாட்டுச் சுற்றுலா வருகை ஏறத்தாழ 49 கோடி. 2020-இல் அது 14 கோடியாகச் சரிந்தது. 2021-இல் பல மாதங்கள் தலங்கள் திறந்திருந்தும் 12 கோடியைத் தொடவில்லை. கதவைத் திறந்தால் மட்டும் ஆள் வந்துவிடாது. பயம் போக வேண்டும்.

அப்படியானால் மூடிய காலத்துக்கு யார் சோறு போடுவது? 2021 ஜூனில் மத்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. அங்கீகாரம் பெற்ற 10,700 வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கடன். கடன்தான், உதவித்தொகை அல்ல. அங்கீகார அட்டை இல்லாமல் மலையடிவாரத்தில் கதை சொல்லிப் பிழைக்கும் உள்ளூர்க்காரருக்கும் இளநீர் விற்கும் அம்மாவுக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அதில் இடமே இல்லை. பூட்டுப் போடும் உத்தரவோடு இவர்களுக்கான தொகையும் அன்றே வர வேண்டும். அதற்கு, சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, ஆவுடையார்கோயில் ஒவ்வொன்றிலும் யார் யார் பிழைக்கிறார்கள் என்ற பட்டியல் இப்போதே மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சளி, இருமல் இருக்கும் நாளில் சித்தன்னவாசல் போக நேர்ந்தால் உள்ளறைக்குள் நுழையாதீர்கள். கதை சொன்னவருக்கு உரிய பணத்தை வெளியே நின்றே கொடுத்துவிட்டு வாருங்கள்.