நிமிரக்கூடாத ஸ்திரீ
வேதபாடம்: லூக்கா 13:10-17



ஜெபஆலயத்துக்கு வந்திருந்த அந்த ஸ்திரீ 18 வருஷமாய்க் கூனிப்போயிருந்தவள். அவள் ஆண்டவரிடம் ஏதும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. வாய்திறக்காத அவளை இயேசுவே கண்டார், கண்டு அழைத்தார். நாம் வழக்கமாய் உடனே ஓய்வுநாள் தர்க்கத்துக்குத் தாவிவிடுகிறோம். சற்று இங்கேயே நிற்போம்.

செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதுகெலும்பு வியாதியோடு வருகிற பலரும் அப்படியே. "எப்படியம்மா நடக்கிறீர்கள்?" என்றால், "பரவாயில்லை ஐயா" என்பார்கள். களத்துமேட்டுக்குப் போவதை விட்டது, தண்ணீர்க் குடத்தை மகளிடம் கொடுத்தது, இரவில் சுவரைப் பிடித்து நடப்பது எல்லாம் மெல்லத்தான் வெளிவரும். கழுத்தில் தண்டுவடம் நெரிபட்டால், அதிக வலியில்லாமலே நடை தளரலாம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறலாம். தாமதித்தால், அறுவை சிகிச்சைக்குப் பின்னும் இழந்தது முழுவதும் திரும்பாமற்போகலாம். காசநோய் முதுகெலும்பைத் தாக்கினாலும் தண்டுவடத்துக்கு ஆபத்து உண்டு.

இடுப்பிலோ கணுக்காலிலோ கட்டிக்கொள்ளும் சிறு சென்சார்கள் இப்போது வந்திருக்கின்றன. உடல் அசைவதையும் திரும்புவதையும் அவை வினாடிக்குப் பலமுறை பதிவு செய்கின்றன. கைப்பேசியைச் சாய்த்தால் படமும் திரும்புகிறதே, அதே நுட்பம்தான். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வது பழைய சோதனை. கடிகாரம் மொத்த நேரத்தை மட்டும் சொல்லும். சென்சாரோ எழும்பத் தாமதமா, திரும்புகையில் தள்ளாட்டமா என்று பிரித்துக் காட்டும். வீட்டிலும் அணியலாம். மருத்துவர் முன்பு எல்லோரும் கொஞ்சம் நன்றாகவே நடப்பார்கள்!

இதற்கா காணிக்கைப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சென்சார் வலியை அளக்காது. மழைக்கு வீட்டிலிருந்தவரையும் நோய் முற்றியவரையும் ஒன்றுபோல் எண்ணிவிடக்கூடும். ஆனால் செஞ்சியிலிருந்து வேலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறுகிறவருக்கு ஒருநாள் கூலி போய்விடுகிறது. யார் உடனே போகவேண்டும், யார் காத்திருக்கலாம் என்று தீர்மானிக்க அது உதவுமானால், செலவு வீணல்ல என்பது என் எண்ணம்.

எண்ணுக்கு அர்த்தம் சொல்ல மனிதர் வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அங்கே 1966-ல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

ஜெபக்குழுவில் இப்பகுதியை வாசிக்கும்போது, நடை தளர்ந்தும் "வயசாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்பவர் உங்கள் சபையில் உண்டா என்று விசாரியுங்கள். சட்டைப் பொத்தானைப்பற்றியும் கேளுங்கள்.