வீட்டு பில்லும் வருமான வரியும்

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சம்பளம் மாதம் இரண்டு இலட்சம். கரண்ட் பில், இன்டர்நெட் பில்லை வரியில் கழிக்கலாமா?
– வாசகி, கொத்மலை

முடியாது. கொரோனாக் காலத்தில் பிரித்தானியா இதற்கென வாரம் 6 பவுண் கழிவு கொடுத்தது. இலங்கைச் சட்டத்தில் சம்பளக்காரருக்கு அப்படியொரு சலுகை இல்லை. பில்லைக் கம்பனியிடம் நீட்டிப் பாருங்கள், அதுதான் குறுக்கு வழி.

வரி அப்படியொன்றும் பயமுறுத்தாது. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை விலக்கு. உங்களுடைய 24 இலட்சத்தில் மிஞ்சும் ஆறு இலட்சத்துக்கு 6 சதவீதம், அதாவது 36,000 ரூபாய். மாதம் 3,000.

வீட்டுச் செலவில் இறைவரித் திணைக்களம் ஏற்பது கூரைச் சூரியப் படலைத்தான். தேசிய மின்கட்டமைப்போடு இணைத்தால் ஆண்டுக்கு ஆறு இலட்சம் வரை கழிக்கலாம். கடனில் வாங்கினால் வங்கிக்குக் கட்டும் பணமும் சேரும். அதற்காக 36,000 மிச்சம் பிடிக்க ஆறு இலட்சம் செலவழிக்க வேண்டாம். கொத்மலை மூடுபனியையும் கணக்கில் எடுங்கள். லயன் வீடென்றால் மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கம்பனி வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் செய்பவருக்குக் கதை வேறு. வருமானம் தேடச் செலவான பங்கை, அதை மட்டும், அவர் கழிக்கலாம். வெளிநாட்டுக்குச் சேவை செய்து அந்நியச் செலாவணியாக வங்கி வழியே பணம் பெற்றால் வரி 15 சதவீதத்தைத் தாண்டாது. பில்களைப் பத்திரப்படுத்துங்கள், வருமான விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30.