ஹிப்னாடிசம் கற்க விரும்பும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

இரண்டே நாளில் ஹிப்னாடிசம் கற்றுத்தந்து சான்றிதழும் கொடுக்கிறார்களாம், சேரட்டுமா என்று கேட்டிருந்தாய். உளவியல் படிக்கிற பிள்ளைக்கு இதில் ஆர்வம் வந்ததில் எனக்குச் சந்தோஷம். மயக்க மருத்துவனான எனக்கும் இது நெருக்கமான விஷயம். ஆனால் அந்த வகுப்பு வேண்டாம்மா.

ஏன் என்று சொல்கிறேன், முதலில் இதன் பழைய கதையைக் கேள். 1845-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்றொரு ஸ்காட்லாந்து டாக்டர் இருந்தார். ஈதர் என்ற மயக்க மருந்தை பாஸ்டனில் பலரறியக் கொடுத்துக் காட்டியது 1846 அக்டோபரில்தான். அதுவரை ஆபரேஷன் என்றால் நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். எஸ்டெய்ல் நோயாளியை இருட்டறையில் படுக்கவைப்பார். உதவியாளர் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்திலிருந்து வயிறுவரை தொட்டும் தொடாமலும் கைகளைக் கொண்டுபோவார், மணிக்கணக்கில். பிறகு எஸ்டெய்ல் பெரிய கட்டிகளைக்கூட அறுத்தெடுப்பார். பலர் வலி தெரியாமல் கிடந்தார்கள் என்று புத்தகமே எழுதினார். கையிலிருந்து ஏதோ சக்தி பாய்கிறது என்று அவர் நம்பியது மட்டும் தப்பு. இந்த முறைக்கு முன்னோடியான மெஸ்மர் என்ற மருத்துவர் சொன்ன காந்த சக்தியை 1784-லேயே பாரிஸில் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்த குழு சோதித்து, எல்லாம் கற்பனையின் வேலை என்று சொல்லிவிட்டது. பலர் அதோடு கதை முடிந்தது என்றார்கள். எனக்கோ அங்கேதான் விஷயமே தொடங்குகிறது. வலியைக் குறைக்கும் பலம் கற்பனைக்கு இருக்கிறதே!

இன்று இருட்டறை வேண்டாம். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசுவார். மூச்சைக் கவனிக்கச் சொல்வார். கை குளிர்ந்து மரத்துப்போவதாக நினைக்கச் சொல்வார். நோயாளி தூங்குவதில்லை, தன் வசம் இழப்பதும் இல்லை. கவனம் ஒரே இடத்தில் குவிகிறது, வலி பின்னால் தள்ளிப்போகிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் பலிக்காது. ஆழ்ந்து போகிறவர்கள் சிலரே. மயக்க மருந்துக்கு இது மாற்றும் அல்ல. ஆனால் ஊசிப் பயத்துக்கும், எரிச்சல் குடல் நோய்க்கும் உதவும். குடல் நோயில் 1984-இல் மான்செஸ்டரில் வோர்வெல் குழு செய்த ஆய்வு நல்ல பலன் காட்டியது. அதைத் தேடிப் படி.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மறந்ததைத் தோண்டி எடுக்கவும், முற்பிறவி காட்டவும் இதைப் பயன்படுத்துகிறவர்களை அண்டாதே. அந்த நிலையில் மனம் இல்லாததையும் இருந்ததாகக் கட்டிவிடும். அதைச் சத்தியம் செய்து சொல்லவும் வைக்கும். அப்படிக் கட்டிய நினைவுகளை நம்பி அப்பன்மேலேயே பழி சுமத்திக் குடும்பங்கள் உடைந்தது அமெரிக்காவில் நடந்திருக்கிறது. மனச்சிதைவு உள்ள ஒருவர்மேல் இரண்டு நாள் பாடத்தை நம்பிக் கைவைத்து, அவர் நிலைமை மோசமானால் யார் பொறுப்பு?

முதலில் பட்டப்படிப்பை முடி. பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் சேர்ந்து, அவர் கண்பார்வையில் பழகு. அதற்கு வேண்டிய செலவை மாமா பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா