ஆத்தா எப்போது ஊருக்குப் போவாள்?

அம்பத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி 2.40க்கு நீ அனுப்பியதைக் காலையில்தான் பார்த்தேன். "சித்தி, நான் சிரிச்சு ரெண்டு மாசம் ஆச்சு." அதற்குக் கீழே, பெரியவன் பாப்பாவைக் காட்டி "இதைத் திருப்பிக் குடுத்துட்டு வாம்மா" என்று சொன்னதையும், அதைக் கேட்டு நீ அடுப்படியில் நின்று அழுததையும் எழுதியிருந்தாய். போனில் பேசலாம்தான். ஆனால் நீ பேச ஆரம்பித்ததும் ஒரு குழந்தை அழுகிறது, இன்னொன்று போனைப் பிடுங்குகிறது. அதனால் காகிதத்தில் எழுதி உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பால் கொடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

முதலில் பாப்பாவின் அழுகை. அவளுக்கு இப்போது ஒன்பது வாரம். கைக்குழந்தையின் அழுகை பிறந்த இரண்டாம் வாரத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போய், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சத்தைத் தொடும். மூன்று நான்கு மாதத்துக்குள் தானாகத் தணியும். சாயங்காலமும் முன்னிரவும்தான் அதிகம் அழும். உன் பாலில் குறை, உன் கையில் ராசியில்லை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ இப்போது மேட்டின் உச்சியை ஒட்டி நிற்கிறாய். அங்கே யாருக்கும் மூச்சு வாங்கும். எப்போதாவது கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் பால்கனியில் போய் நில். அழட்டும். அந்த ஐந்து நிமிஷ அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. தோளைப் பிடித்து உலுக்கிவிட்டால்தான் மூளைக்குள் ரத்தம் கசியும். இதை மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

இனி சிரிப்புக்கு வருகிறேன்.

1993இல் ஆவடியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். உன் சித்தப்பாவுக்கு நைட் ஷிப்ட். உன் அக்காவுக்கு ஐந்து வயது, அண்ணனுக்கு இரண்டு. முதலில் அவளுக்கு அம்மை போட்டது. நிலைப்படியில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிக்காமல், மீன் வாங்காமல் பத்து நாள் ஓட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து மூச்சு விட்டேன். அந்த வாரக் கடைசியில் சின்னவனுக்குப் போட்டது. சின்னம்மை உடம்புக்குள் இரண்டு வாரம் ஒளிந்திருந்துதான் வெளியே தெரியும். அவள் உதிர்க்கும்போது அவன் பூப்பது அதனால்தான். மறுபடியும் வேப்பிலை, மறுபடியும் தாளிக்காத சோறு, மறுபடியும் பள்ளிக்கு லீவு லெட்டர். மூன்று ராத்திரி நான் கண்ணை மூடவில்லை. நாலாம் நாள் ராத்திரி, தம்பியின் கொப்புளத்தை உன் அக்கா விரலால் நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவள் பயப்படவில்லை. நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, ஆத்தா எப்போ ஊருக்குப் போவா?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டுக் கேட்டு, விருந்தாளியாக யாரோ வந்து தங்கியிருக்கிறார்கள் என்று குழந்தை நினைத்துவிட்டது. "முதல்ல என் மேல படுத்தா. இப்போ தம்பி மேல படுத்திருக்கா. நம்ம வீட்டுல ஒரே ரூம்தானேம்மா? போகும்போது அப்பா டிபன் பாக்ஸ்ல இட்லி வெச்சுக் குடு. திருவேற்காடு வரைக்கும் போகணும், பசிக்கும்."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. நான் சிரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அழுகைச் சத்தம் என்று நினைத்துப் பதறி வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். பிறகு கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்து, சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு, "நீ போய்ப் படும்மா, விடியறவரைக்கும் நான் இருக்கேன்" என்றார்கள். மூன்று மணி நேரம் தூங்கினேன். வாழ்நாளில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

கண்ணு, இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு என் அசதியைப் போக்கவில்லை. அசதியைப் போக்கியது தூக்கம். ஆனால் ஜன்னலுக்கு ஓர் ஆளைக் கூட்டிவந்தது அந்தச் சிரிப்புதான். மூன்று நாளாக நான் வாயை மூடிக்கொண்டு அழுதது அந்தச் சுவரைத் தாண்டிக் கேட்கவே இல்லை.

பெரியாழ்வாரை எடுத்துப் பார். துளசிச் செடியின் கீழ் கிடைத்த ஆண்டாளை மகளாக வளர்த்த மனிதர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர் யசோதையாகவே மாறிப் பாடியிருக்கிறார். பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினால் தொட்டில் கிழிகிறது, இடுப்பில் எடுத்தால் இடுப்பு ஒடிகிறது, அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், தாங்க வலுவில்லாமல் இளைத்துப் போனேன் என்று யசோதை சொல்கிறாள். தெய்வத்தையே வளர்த்தவளுக்கும் உன் பாடுதான். வகுப்பில் இந்தப் பாசுரத்தை நடத்தும்போதெல்லாம் பெண் பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன்: இதை யாரிடம் சொல்கிறாள்? சாமியிடம் முறையிடவில்லை, புருஷனிடமும் சொல்லவில்லை. இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்கிறாள்.

உன் எதிர் ஃபிளாட்டில் ஆறு மாதக் குழந்தையோடு ஒரு பெண் இருப்பதாக உன் அம்மா சொன்னாள். பூந்தமல்லிக்கு நீ வந்து ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் அவளுடைய பெயர் உனக்குத் தெரியாது. நாளைக்குப் போய்க் கதவைத் தட்டு. காரணம் வேண்டுமென்றால் கொஞ்சம் ஓமம் கேள். பெரியவன் சொன்னதை அவளிடம் சொல். அவள் வீட்டிலும் இப்படி ஒன்று நிச்சயம் நடந்திருக்கும்.

இன்னொன்றை நேராகவே கேட்கிறேன், மறைக்காதே. பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, வந்து போய்விடும். உனக்கு ஒன்பது வாரம் ஆகிவிட்டது. பாப்பா தூங்கினாலும் உனக்குத் தூக்கம் வராமல் இருக்கிறதா? சாப்பாடு பிடிக்காமல், குழந்தையைத் தூக்கவே மனம் இல்லாமல், நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது என்ற நினைப்பு வருகிறதா? அப்படியானால் என் கடிதம் போதாது, எதிர் வீட்டுப் பெண்ணும் போதாது. அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். மருந்தும் ஆலோசனையும் உண்டு, குணமாகும். உன் பிரசவ டாக்டரிடமே சொல்லலாம். 14416 என்ற எண்ணில் ராத்திரி எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நீ கூப்பிடு என்றால் அடுத்த நிமிஷம் நான் கிளம்பி வருவேன். ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்காதே. எனக்கு அரசுப் பள்ளியில் கிடைத்த பிரசவ லீவு 90 நாள். உனக்குச் சட்டம் 26 வாரம் கொடுத்திருக்கிறது, அது முழுக்க உன்னுடையது.

சிரிப்பைப் பற்றி இன்னும் முக்கியமான ஒன்று பாக்கி. எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

உன் அண்ணன் ஏழு வயது வரை படுக்கையை நனைத்தான். ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் சுமார் 15 பேர் அப்படித்தான், வளர வளர நின்றுவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் அதை வேடிக்கைக் கதையாக்கினேன். ஆசிரியர் அறையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். "எங்க வீட்டுல தினமும் செம்பரம்பாக்கம் திறந்துடுது" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் பக்கத்தில் நின்று சிரிப்பான். மே மாதம் ஒரு ராத்திரி விழித்துப் பார்த்தேன். இருட்டில் மண்பானைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். டம்ளர் கையில் இருந்தது. குடிக்கவில்லை. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, டம்ளரை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஆறு மணிக்கு மேல் அவன் தண்ணீரைத் தொட்டே பல வாரம் ஆகியிருந்தது.

சிரிப்பு எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது, அது நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்ததை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். அதில் எள்ளல் ஒன்று, இளமை ஒன்று. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பதால் பக்கத்துப் பக்கத்து வீடு என்று நினைத்திருந்தேன். பிள்ளையின் பிள்ளைத்தனத்தைக் கண்டு பூரித்துச் சிரிப்பதும், அவனுடைய குறையைப் பிடித்துச் சிரிப்பதும் எவ்வளவு தூரம் என்பதை அந்தப் பானைக்கு முன்னால்தான் கற்றேன். ஆத்தாவுக்கு இட்லி கட்டிக் கொடுக்கச் சொன்னவளைப் பார்த்து நான் சிரித்ததில் அவள் வளர்ந்தாள். இவனைப் பார்த்துச் சிரித்ததில் இவன் தாகத்தோடு படுத்தான்.

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. ராத்திரி அவர் தோளில் பாப்பாவைப் போட்டுக்கொண்டு "அம்மா தாயே, என்னைப் பெத்த தாயே, தூங்கு தாயே" என்று கும்பிடுவதாக நீ முன்பு சொன்னாயே, அது எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? திருநின்றவூர்க் கோயிலில் தாயாருக்குப் பெயரே என்னைப் பெற்ற தாயார்தான். கோபித்துக்கொண்டு வந்து நின்ற மகளைச் சமாதானம் செய்ய வந்த சமுத்திரராஜன் அப்படிக் கூப்பிட்டான் என்பது தலபுராணம். பெற்ற மகளிடம் தோற்றுப்போன அப்பனின் வேடிக்கையும் பக்தியும் அந்த ஒரே பெயரில் இருக்கின்றன. ஆனால் போன வாரம் பெரியவன் தரையில் புரண்டு அழுததைப் படம் எடுத்து, பின்னால் வடிவேலு குரல் சேர்த்து அவர் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். இனி அப்படி வைக்க வேண்டாம் என்று சொல். நான் சொன்னேன் என்றே சொல். வடிவேலு நம் வீட்டுப் பிள்ளை மாதிரிதான். அடிபட்டவனே எழுந்து தன் அடியைப் பற்றிப் பேசும்போது அந்தச் சிரிப்பில் ஒரு தெம்பு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் இருவரும் உங்கள் பாட்டைக் கைப்புள்ள மாதிரி பேசிச் சிரித்துக்கொள்ளுங்கள், வேண்டிய மட்டும். நாலு வயதுக்காரன் தன் அழுகையைத் தானாகக் கொண்டுபோய் ஊர் முன்னால் வைக்கவில்லையே.

சனிக்கிழமை வருகிறேன். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் செய்து எடுத்து வருவேன். கரையான்சாவடியில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்வேன், யாரும் வர வேண்டாம். வந்ததும் பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு நீ போய்ப் படு.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய். பாப்பா தூங்கும் நேரமாகப் பார்த்துப் பெரியவனை மடியில் உட்காரவைத்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேள்: "சரிடா கண்ணா, திருப்பிக் குடுத்துடலாம். எந்தக் கடையில குடுக்கணும்? பதிலுக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?" அவன் யோசிப்பான். நீ அவசரப்படாமல் காத்திரு. அவன் என்ன சொல்கிறானோ, ஒரு வார்த்தை விடாமல் எழுதி வை. சனிக்கிழமை எனக்கு அது வேண்டும்.

உன்
சித்தி