பனித்தண்டு கூறும் பண்டைய உஷ்ணநிலை

மைசூரில் மே மாதத்து இடிமழை நீரையும் அக்டோபர் மாதத்து மழைநீரையும் தனித்தனியே சேகரித்து வைத்தால், கண்ணுக்கும் நாவுக்கும் அவை ஒன்றாகவே தோன்றும். ஆனால், அணுக்களை நிறைவாரியாகப் பிரித்தறியும் நிறைமாலைமானி அவற்றை வேறுபடுத்திக் காட்டும். பொதுவாக, அக்டோபர் நீரில் பளுவான ஆக்ஸிஜன் சற்றுக் குறைந்திருக்கும். இத்தகைய சிறு வேற்றுமையைக் கொண்டே பல லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட துருவங்களின் உஷ்ணநிலையை விஞ்ஞானிகள் மதிப்பிடுகின்றனர். எனினும், துருவப் பனிக்குரிய விதியை நம் நாட்டு மழைக்கு அவ்வாறே கொள்ளலாகாது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

ஆக்ஸிஜன் அணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றின் நிறை எண் 16. ஏறக்குறைய 500 அணுக்களில் ஒன்றுக்கு அது 18. ஒரே தனிமத்தின் இவ்வகைகளை ஐசோடோப்புகள் என்பர். ஹைட்ரஜனுக்கும் டியூட்டீரியம் என்னும் பளுவான வகை உண்டு. (பளு என்றதும் இந்நீர் தராசில் கனக்கும் என்று எண்ண வேண்டாம். இருவேறு மழைநீர்களுக்கிடையே விகித வேற்றுமை ஆயிரத்தில் சில பங்குகளே.) பளுவான அணுவையுடைய நீர் மூலக்கூறு ஆவியாவதில் பின்தங்கும், ஆவி குளிர்ந்து நீராகும்போது முந்திக்கொள்ளும். ஆகவே, கடலினின்று புறப்பட்ட மேகம் வழியிலே பெய்யப் பெய்ய, எஞ்சிய ஆவியில் பளுவான வகை அருகிக்கொண்டே வரும். துருவத்தை நோக்கிச் செல்லும் காற்று மிகுதியாகக் குளிரக் குளிர, அதன் ஈரமும் மிகுதியாகப் பிழியப்படும். அங்கு விழும் பனியில் பளு ஆக்ஸிஜனின் குறைவு, குளிரின் அளவாக அமைவது இதனாலேயே.

டென்மார்க் நாட்டு விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட் 1964-இல் இதனை ஒரு விதியாக வகுத்தார். ஆண்டுச் சராசரி உஷ்ணநிலை ஒரு டிகிரி தாழ்ந்தால், பளு ஆக்ஸிஜனின் விகிதம் ஆயிரத்தில் சுமார் 0.7 பங்கு குறைகிறது. கிரீன்லாந்தின் காம்ப் செஞ்சுரியில் 1966-இல் முற்றுப்பெற்ற துளையிலிருந்து, ஏறத்தாழ 1,390 மீட்டர் நீளமுள்ள பனித்தண்டு கிடைத்தது. கடைசிப் பனியூழி அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. பின்னர் அண்டார்க்டிகாவின் டோம் சி என்னுமிடத்துப் பனி 8,00,000 ஆண்டு வரலாற்றை அளித்தது.

இவ்வுஷ்ணமானியின் அளவுக் கோடுகள் எக்காலத்துக்கும் பொருந்துமா என்னும் ஐயம் 1990-களில் வலுத்தது. பனிப்பாளம் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், பனியூழியின் குளிர் அதன் ஆழத்தில் இன்றும் சிறிது தங்கியுள்ளது. கிரீன்லாந்தில் துளைக்குள்ளே மெய்யான உஷ்ணமானியை இறக்கி அளந்தபோது, இக்காலத்தைவிடச் சுமார் 10 டிகிரி குளிர்ந்ததாகக் கருதப்பட்ட பனியூழி, உண்மையில் 20 டிகிரிக்கும் மேலாகக் குளிர்ந்திருந்ததென வெளிப்பட்டது. அக்காலக் குளிர்பருவங்களில் பனி அரிதாகவே பெய்தமையால், தண்டில் பெரும்பாலும் கோடைப் பனியே பதிவாயிற்று என்பது இதற்குக் கூறப்படும் முக்கிய விளக்கம்.

இனி நம் மழையைக் கருதுவோம். வெப்ப நாடுகளில் ஆண்டு முழுவதும் உஷ்ணநிலை அதிகம் மாறுவதில்லை. மழையின் அளவே மேலோங்குகிறது. மழை மிகுந்தால் நீரில் பளு ஆக்ஸிஜன் குறையும். இதனை டான்ஸ்கார்டே குறிப்பிட்டுள்ளார். கோடை இடிமழையின் துளிகள் வறண்ட காற்றினூடே விழுகையில் ஓரளவு ஆவியாகி, பளுவானவற்றை மிகுதியாக வைத்துக்கொள்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றோ வங்கக் கடலில் பெருமழை பொழிந்த பின்னரே நம்மை அடைகிறது.

இதிலிருந்தே இமயமலைப் பனி பற்றிய வாதம் எழுந்தது. திபெத்தின் தாசுவோபு பனியாற்றில், 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், லானி தாம்சன் குழுவினர் 1997-இல் பனித்தண்டுகளை எடுத்தனர். துருவ விதிக்கு மாறாக, அங்கே வெப்பமான பருவமழைக்காலப் பனியிலேயே பளு ஆக்ஸிஜன் குறைவு. நீண்டகாலப் போக்கு உஷ்ணநிலையையே காட்டுவதாகத் தாம்சன் கொண்டார். பருவமழையின் வலிமையையே காட்டுவதாகப் பிறர் வாதித்தனர். ஒரே தண்டு ஒருவருக்கு உஷ்ணமானி, மற்றவருக்கு மழைமானி! நமக்கு இது ஏட்டளவிலான வாதமன்று. உலகம் வெப்பமுற்ற காலங்களில் பருவமழை பெருகிற்றா, குன்றிற்றா என்பதற்குரிய சான்றே இதில் அடங்கியுள்ளது.

பனிப்பாளமில்லாத தென்னிந்தியாவில் வேறு ஏடுகளைத் தேட வேண்டும். மைசூரிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உதகமண்டலத்தைச் சூழ்ந்த சதுப்புகளில், தாவரங்கள் மக்கி அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் அவற்றின் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். பனியூழியின் உச்சத்தில் நீலகிரியில் புல்வகைகள் மேலோங்கியதும், பருவமழை குன்றியிருந்ததும் அதனால் அறியப்பட்டன. ஆயினும், அக்காலக் காற்றில் கரியமில வாயு குறைந்திருந்ததும் அப்புற்களுக்குச் சாதகமாகும்; வறட்சியின் பங்கையும் அதன் பங்கையும் பிரித்தறிதல் எளிதன்று.